சத்தமில்லாமல் வந்த கருவிகள்: மஸ்கெலியாத் தோட்டங்களும் பேட்டரி இயந்திரங்களும்

பெற்றோலில் ஓடும் புல்வெட்டியை ஒரு மலையில் முடுக்கினால் எதிர்மலை லயத்து வீடுகளுக்குக் கேட்கும். பேட்டரியில் ஓடுவது நாலு நிரை தாண்டினால் கேட்காது. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்குள் பேட்டரிக் கருவிகள் வந்து சேர்ந்த விதமும் அப்படித்தான். கொழுந்து வெட்டும் இயந்திரம், செடியைத் தறிக்கும் கவ்வாத்துக்கு உதவும் மின்கத்தரி, நிழல் மரத்தின் கிளை அறுக்கும் குட்டிச் சங்கிலி வாள், முதுகில் சுமக்கும் மருந்துத் தெளிப்பான் என்று மலைக்குள் சில. டிரில், கிரைண்டர், ஆணி முடுக்கி என்று லயத்துக்குள் சில. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் யாரும் கூட்டம் போட்டு இவற்றை அறிமுகப்படுத்தவில்லை. ஒரு நாள் ஒருவர் கையில் இருந்தது. அடுத்த மாதம் பத்துப் பேர் கையில் இருந்தது.

2023 மே மாதம் கென்யாவின் கெரிச்சோவில் தேயிலை பறிக்கும் இயந்திரங்களுக்கு மக்கள் தீ வைத்தார்கள். வேலை பறிபோகிறது என்ற கோபம் அது. மஸ்கெலியாவில் கதை வேறு. இங்கே ஆள் போன இடத்துக்குத்தான் இயந்திரம் வந்தது. 1992-ல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, நாடு முழுவதும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர் தோட்டப் பதிவேடான செக்ரோலில் இருந்தது. இன்று அதில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள்; மிஞ்சியவர்கள் வயதானவர்கள். 2022-ல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது, பெற்றோல் இயந்திரத்தை நம்பியிருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பேட்டரி அந்த நேரத்தில் நல்ல பதிலாகத் தெரிந்தது. பல வகையில் நல்ல பதிலும்தான். புகை இல்லை, இழுத்து முடுக்கும் கயிறு இல்லை, சூடான புகைக்குழாய் இல்லை, எடையும் அதிர்வும் குறைவு.

ஆனால் சண்டை இல்லாமல் வந்ததால் பேச்சுவார்த்தையும் இல்லாமல் வந்துவிட்டது. தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம்தான், குறைகள் எத்தனை இருந்தாலும், வேலையின் அளவையும் நிபந்தனையையும் பேசுவதற்கு ஒரு மேசையாக இருந்தது. 2021-ல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபாய் நாட்சம்பளம் விதிக்கப்பட்ட காலத்தோடு அந்த மேசை மடக்கப்பட்டது. சபையின் வேலை சம்பளத்தை நிர்ணயிப்பது. இயந்திரம் பிடிப்பவருக்கு எத்தனை நாள் பயிற்சி, கண்ணாடி யார் வாங்கித் தருவது, பேட்டரியை எங்கே சார்ஜ் போடுவது என்பதெல்லாம் அங்கே வருவதில்லை. கொழுந்து வெட்டும் இயந்திரங்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சும் பெரும்பாலும் செடியைப் பற்றியது: வாது (கிளை) தாங்குமா, முற்றிய இலை கலக்குமா, ஸ்டோரில் (தொழிற்சாலையில்) தரம் இறங்குமா. தேவையான கேள்விகள்தான். செடிக்கு என்ன ஆகும் என்று கேட்ட அளவுக்குக் கைக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை.

கருவிக்குள் இருப்பது

கம்பியில்லா டிரில்லை 1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் கம்பனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்து ஆண்டு கழித்து, 1971-ல், அப்பல்லோ 15-ல் போனவர்கள் நிலாவின் தரையைத் துளைத்து மண் எடுத்ததும் பேட்டரி டிரில்லால்தான்; அதன் மோட்டார்ப் பகுதியில் அதே கம்பனியின் கை இருந்தது. அன்றைய நிக்கல் பேட்டரி கனமானது, சீக்கிரம் சோர்ந்துவிடும். 1991-ல் சோனி லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின், 2000-களின் நடுவில் அது கைக்கருவிகளுக்குள் நுழைந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வரலாறு போதும். கடைக்குப் போகும் நம் ஆளுக்கு வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. பெரும்பாலான கருவிகளின் பேட்டரிக்குள் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட உருளைச் செல்கள் இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் 18 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட் காட்டும். அப்போது அதே ஐந்து செல் 21 வோல்ட். ஆக, 18 என்று ஒரு கம்பனியும் 20 என்று இன்னொன்றும் 21 என்று மூன்றாவதும் எழுதுவது ஒரே பொருளுக்கு மூன்று பெயர். விலை மலிந்த பெட்டிகளில் 48, 88, 128 என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ‘விஎஃப்’ என்று இரண்டு எழுத்தை ஒட்டியிருப்பார்கள். திறந்து பார்த்தால் அங்கேயும் ஐந்து செல்லோ, ஐந்தின் இரண்டு வரிசையோதான். ‘இது 88 வோல்ட் தம்பி, பெரிய மரமே அறுக்கும்’ என்று கடைக்காரர் சொன்னால், பேட்டரியின் அடியில் எத்தனை அம்பியர்மணி, எத்தனை வாட்மணி என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். வோல்ட்டிலேயே பொய் சொல்லும் பெட்டி, உள்ளே பாதுகாப்புச் சர்க்கியூட் வைத்திருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 18 வோல்ட், 4 அம்பியர்மணி பேட்டரி என்றால் 72 வாட்மணி. முக்கால் லீட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைத்து லயத்தில் நாலு பேருக்குச் சாயத்தண்ணி ஊற்றும் அளவு சக்தி அந்தக் கைப்பிடி அளவுப் பொருளுக்குள் இருக்கிறது. மெதுவாக வெளியே வந்தால் வேலை. ஒரே நேரத்தில் வெளியே வந்தால் தீ.

வயரில் ஓடும் கருவியில் இல்லாத ஒரு குணம் பேட்டரிக் கருவியில் உண்டு. வயர்க் கருவியின் பிளக்கைப் பிடுங்கினால் அது செத்த இரும்பு. வயர் தரையில் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும். பேட்டரிக் கருவி எப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. கூடைக்குள் போட்டாலும், தோளில் தொங்கவிட்டாலும், குழந்தை எடுத்து விளையாடினாலும், விசை அமுங்கினால் ஓடும். அதை அணைக்க ஒரே நம்பகமான வழி பேட்டரியைக் கழற்றுவது. பிளேட் மாற்றும்போதும், சிக்கிய குச்சியை எடுக்கும்போதும், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடக்கும்போதும், வீட்டில் வைக்கும்போதும் பேட்டரி கருவியில் இருக்கக்கூடாது. இந்தக் கருவிகளைப் பற்றிய கையேடுகளில் ஐம்பது பக்கம் இருக்கும். ஒரே ஒரு வரியை மட்டும் பிரட்டுக்களச் சுவரில் எழுதிப்போடலாம் என்றால் நான் இதைத்தான் எழுதுவேன்.

மலைக்குள்

மஸ்கெலியா ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், சிவனொளிபாதமலையின் அடியில் இருக்கிறது. தென்மேல் பருவமழை நேராக வந்து மோதும் பக்கம். மே முதல் செப்டம்பர் வரை காலையில் வெயில் பார்ப்பதே அபூர்வம். சரிவு, வழுக்கும் மண், செடிக்கு அடியில் மறைந்த கான் (வடிகால்), அட்டை, ஈரக்கை. கருவியின் பெட்டியில் போட்டிருக்கும் படத்தில் ஒருவர் புல்தரையில் சப்பாத்துடன் நேராக நின்று வெட்டிக்கொண்டிருப்பார். அந்தப் படத்துக்கும் நம் மலைக்கும் உள்ள தூரத்தில்தான் விபத்துகள் நடக்கின்றன.

கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் பற்கள் முடிதிருத்துபவரின் மெஷின்போல் ஒன்றின்மேல் ஒன்று ஓடுபவை. தடித்த குச்சியோ மழைக்காலத்தில் நார்நாராக நனைந்த இலையோ பற்களுக்குள் சிக்கும். நின்றுபோன பிளேடைப் பார்த்ததும் கை தானாகவே போகும். குச்சி விடுபட்ட கணத்தில், விசையில் விரல் இருந்தால், பற்கள் மறுபடி ஓடும். பேட்டரி முதுகிலும் இயந்திரம் கையிலுமாக இருக்கும் வகையில் இடையில் ஒரு வயர் உண்டு; அந்த இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் பற்களைத் தொட வேண்டும். இது யாருக்கும் புரியாத விஞ்ஞானம் கிடையாது. பிறகு ஏன் செய்வதில்லை? கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கும் இடத்தில், ஒரு நாளில் எத்தனையோ தடவை சிக்கும் இயந்திரத்தை ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, இணைப்பைப் பிடுங்கி, குச்சியால் தட்டி, மறுபடி மாட்டினால் அந்த நேரமெல்லாம் கொழுந்தாக மாறாது. கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதப்படுவதில் பாதி, கணக்கின் நெருக்கடி. இயந்திரத்தைக் கொடுத்ததும் நாளுக்கு இத்தனை கிலோ என்று அளவைக் கூட்டும் தோட்டத்தில் பாதுகாப்பு வகுப்பு நடத்திப் பயனில்லை.

கவ்வாத்து இன்னும் கடினம். வட்டப் பிளேட் பூட்டிய இயந்திரத்தால் வாது வெட்டும்போது சில்லு பறக்கும். பிளேட் சுழலும் கருவியைப் பிடிப்பவரிடமிருந்து மற்றவர்கள் 15 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் தூரம். இரண்டடிக்கு நாலடி என்று நட்ட தேயிலையில் 15 மீற்றர் என்றால் பன்னிரண்டு நிரை. நம் ஆட்கள் பக்கத்துப் பக்கத்து நிரையில் பேசிக்கொண்டு வெட்டிப் பழகியவர்கள். கவ்வாத்துக் கத்திக்கு அந்த இடைவெளி போதும். இயந்திரத்துக்குப் போதாது. இருபது பேரை ஒரே மலையில் நெருக்கமாக விட்டு வேலை வாங்கும் பழைய பழக்கத்தை மாற்றாமல் கத்திக்குப் பதில் இயந்திரத்தைக் கொடுப்பது, பாதையை அகலப்படுத்தாமல் லொறியை ஏற்றுவது மாதிரியான வேலை.

கைக்கு அடக்கமான சங்கிலி வாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு அங்குலம், ஆறு அங்குலம் என்று சிறிதாக இருப்பதால் அதை விளையாட்டுச் சாமானாக நினைக்கிறார்கள். ஒரு கையால் வாளைப் பிடித்து, மறுகையால் கிளையை வளைத்துப் பிடித்து அறுக்கிறார்கள். கிளை அறுந்ததும் வாள் தன் வேகத்தில் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் அந்த மறுகை. கிரேவிலியா மரத்தில் ஏறி நின்று, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு அறுப்பது அதைவிட மோசம். பிளேடின் நுனியின் மேல்பக்கம் மரத்தில் பட்டால் வாள் முகத்தை நோக்கி உதறும். 2019-ல் காடழிப்பைத் தடுக்கச் சங்கிலி வாள்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு சொன்னது. அது மரத்தைக் காக்கும் ஏற்பாடு. அறுப்பவனின் கையைக் காக்கும் ஏற்பாடு ஒன்றும் அதோடு வரவில்லை.

உடுப்பும் ஒரு விஷயம். இடுப்பில் கட்டும் படங்கு, தலைத்துணி, மழைக்குப் போர்த்தும் பொலித்தீன் எல்லாம் கையால் கொழுந்து எடுக்கும் வேலைக்கு ஏற்றவை. சுழலும் கருவிக்குப் பக்கத்தில் தொங்கும் நுனி எதுவும் ஆபத்து. டிரில் பிடிக்கும்போது துணிக் கையுறைகூடக் கூடாது. சுற்றிக்கொண்டு விரலை முறுக்கிவிடும். வாளுக்கும் கத்தரிக்கும் வெட்டுத் தாங்கும் கையுறை வேண்டும். ‘எல்லாருக்கும் ஒரு சோடி கையுறை கொடுத்தாச்சு’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

நம் மலைக்கே உரிய ஆபத்து குளவி. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்தில் குளவிக்கொட்டு இல்லாமல் ஒரு வருடம் கழிவதில்லை; உயிர்ப்பலியும் புதிதில்லை. செடிக்கடியிலோ நிழல் மரத்திலோ இருக்கும் கூட்டை, கையால் எடுப்பவர் முன்கூட்டிப் பார்த்துவிட வாய்ப்பு உண்டு. பிளேடின் மேல் கண்ணை வைத்து நகர்பவருக்கு அது குறைவு. அதிர்வே கூட்டைக் கலைக்கும். காதடைப்பான் போட்டவருக்கு ‘குளவி, ஓடு!’ என்ற கூச்சலும் எட்டாது. இயந்திரம் போவதற்கு முன் ஒருவர் மலையை நடந்து பார்க்க வேண்டும், அந்த நடைக்கும் நாட்சம்பளப் பேர் போட வேண்டும். கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட வசதியாகத் தோள்பட்டை ஒரே இழுப்பில் கழல வேண்டும். எந்தக் கம்பனியின் கையேட்டிலும் குளவிக்கு அத்தியாயம் கிடையாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

அதிர்வும் சத்தமும் உடனே இரத்தம் காட்டாதவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதி, எட்டு மணி நேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வு 2.5 அளவைத் தொட்டாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. அலகு, நொடியின் வர்க்கத்துக்கு இத்தனை மீற்றர் என்ற முடுக்கக் கணக்கு. அளவு மீறினால் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். குளிரும் ஈரமும் அதைக் கூட்டும். மஸ்கெலியாவின் காலை நேரத்தில் இரண்டும் உண்டு. பேட்டரிக் கருவிகள் இதில் பெற்றோலைவிட நல்லவை. ஆனால் மொட்டைப் பிளேட் போட்டால் அந்த நன்மை போய்விடும். பிளேட் தீட்டுவதை மாதக் கடைசிக்குத் தள்ளும் தோட்டம், சேமித்த காசைத் தொழிலாளியின் விரலில் இருந்து எடுக்கிறது.

வெட்டுப்பட்டால் செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுத்தமான துணியை வைத்துக் கையை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்க்கக்கூடாது. விரல் துண்டானால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விரலில் நேரடியாக ஐஸ் படக்கூடாது. கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் வேண்டாம். 1990 என்ற எண்ணில் அம்பியூலன்ஸை உடனே கூப்பிட வேண்டும். 2017-ல் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக் கட்டிடம் நமக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆனால் மலை உச்சியிலிருந்து தார் ரோட்டுக்கு ஆளைத் தூக்கி வருவதுதான் எப்போதும் நீளமான பகுதி. அதனால் தனியாக ஒருவரை இயந்திரத்தோடு மலைக்கு அனுப்பக்கூடாது.

லயத்துக்குள்

நான் அதிகம் பயப்படுவது மலையை அல்ல, இரவை. வேலை முடிந்து வரும் கருவி, லயத்தின் காம்பரா அறைக்குள் வருகிறது. இரவில் சார்ஜ் போட்டால்தான் காலையில் ஓடும்.

அந்தச் சார்ஜுக்கு வேண்டிய மின்சாரத்துக்கும் இங்கே ஒரு கதை உண்டு. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. இந்த மலைகளின் தண்ணீரில்தான் லக்சபானத் தொகுதி நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கிறது. அந்த மின்சாரம் பக்கத்து லயங்களுக்குள் வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. வந்தபோதும் ஒரு பல்பு, ஒரு பிளக் என்ற கணக்கில் வந்தது. பிறகு டிவி, ஃபோன், ரைஸ் குக்கர், ஹீட்டர் என்று எல்லாம் அந்த ஒரு பிளக்கில் மல்டிபிளக்காகப் பெருகின. இப்போது அதன் நுனியில் கருவியின் சார்ஜர்.

2018-ல் இருந்து இலங்கையில் 13 அம்பியர் சதுரமுள் பிளக் மட்டுமே விற்கலாம் என்று விதி வந்தது. ஆனால் வெளிநாட்டுப் பெட்டிக்குள் வரும் சார்ஜருக்குத் தட்டையான இரண்டு முள். அதை நுழைக்க மேல் ஓட்டைக்குள் பேனாவையோ ஈர்க்குச்சியையோ குத்தி அடைப்பைத் திறப்பது நம் வீடுகளில் சாதாரணக் காட்சி. முள் இறுகப் பிடிக்காது. பிடிக்காத இடம் சூடாகும். அப்படிச் சூடாகும் இடத்துக்கு மேலே தகரம், பக்கத்தில் விறகு அடுக்கு, கீழே மெத்தை. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் பாதுகாப்பான மூலை என்று ஒன்றைத் தேடுவதே கஷ்டம். லயம் என்பது ஒரே முகட்டின் கீழ் வரிசையாக நிற்கும் வீடுகள். ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசை முழுவதும் போகும். மின்கசிவால் லயம் எரிந்து குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்ட செய்திகளை மலையகத்தில் வாசிக்காதவர் யார்?

லித்தியம் செல்லுக்குள் இரண்டு தகட்டுக்கு நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. அதிகமாகச் சார்ஜ் ஏறினாலோ, விழுந்து நசுங்கினாலோ, சூடு மிஞ்சினாலோ அந்தத் தாள் கெடும். பிறகு செல் தானே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். ஒன்று எரிந்து பக்கத்துச் செல்லை எரிக்கும். வரும் புகையில் நச்சு வாயு உண்டு. கானுக்குள் உருண்டு விழுந்த பேட்டரி அன்று நன்றாக ஓடலாம். இரவு சார்ஜில் இருக்கும்போது புகையலாம். விழுந்ததை, வீங்கியதை, இனிப்பான இரசாயன வாசம் வருவதை, சார்ஜில் கை வைக்க முடியாத அளவு கொதிப்பதை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. மழையில் நனைந்ததைத் துடைத்து, முழுதாகக் காயும்வரை சார்ஜரில் மாட்டக்கூடாது. மலையில் இருந்து சூடாக வந்ததையும் ஆறவிட்டே மாட்ட வேண்டும். நம் ஊர்க் குளிர் பேட்டரிக்குக் கெடுதல் இல்லை, பூச்சியத்துக்குக் கீழே போனால்தான் சார்ஜ் ஆபத்து. கெடுதல் செய்வது மதிய வெயிலில் தகரத்துக்கு அடியிலும் முச்சக்கரவண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னாலும் வைப்பது.

சார்ஜர் கெட்டுப்போனால் லெப்டொப் சார்ஜரின் வயரை வெட்டி ஒட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். செய்தவர் கெட்டிக்காரர், லயத்தில் ரேடியோ தொடங்கி ரைஸ் குக்கர் வரை எல்லாம் பழுது பார்ப்பவர். ஆனால் பேட்டரிக்குப் பொருந்தும் சார்ஜர் நிரம்பியதும் தானே நிற்கும். வேறொன்று நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய லெப்டொப் செல்களை எடுத்துக் கருவிப் பேட்டரிக்குள் போடுவதும் நடக்கிறது. உருவம் ஒன்றுதான், குணம் வேறு. லெப்டொப் செல் மெதுவாகக் கொடுக்கப் பழகியது. வாளும் கிரைண்டரும் ஒரே மூச்சில் இழுக்கும். செல்லின் மேல் நேராக ஈயம் பற்றவைப்பதும் உள்ளே இருக்கும் தாளைச் சுடும்.

காம்பராவில்தான் போட வேண்டும் என்ற நிலையில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். சிமெந்துத் தரையிலோ ஓட்டின் மேலோ வைத்துப் போடுங்கள். கட்டிலில், மெத்தையில், விறகுக்குப் பக்கத்தில், வெளியே போகும் ஒரே கதவுக்கு அருகில் வேண்டாம். விழித்திருக்கும்போது போட்டு, படுக்கப்போகுமுன் கழற்றுங்கள். மல்டிபிளக்கில் ஹீட்டரோடு சேர்க்காதீர்கள். டிரிப் சுவிட்ச் இருந்தால் மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். ஆனால் ஒன்று: டிரிப் சுவிட்ச் மின்கசிவில் இருந்து காக்கும், கழற்றி வைத்த பேட்டரிக்குள் பிடிக்கும் தீயை அதற்குத் தெரியாது. பேட்டரி புகைந்தால் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, மெயினை அணைத்துவிட்டு, தூர நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தச் சின்னப் பேட்டரிகளுக்குத் தண்ணீர் சரியான மருந்து. சூட்டை இறக்குவதுதான் நோக்கம். எரியும் பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. செத்த பேட்டரியை அடுப்பில் போடுவதும், கானுக்குள் எறிவதும் கூடாது.

பொறுப்பு யாருடையது

மேலே சொன்ன அறிவுரைகளில் பெரும்பாலானவை தொழிலாளியைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. இதைப் படிப்பவர் அதைக் கவனித்திருப்பார். பாதுகாப்பு என்றாலே கருவி பிடிப்பவரிடம் ‘பார்த்து செய்’ என்று சொல்லி முடிப்பது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். நம் சட்டமும் அதற்கு வழிவிட்டிருக்கிறது. 1942-ன் 45-ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோருக்குள் சுழலும் ரோலருக்குக் காப்பு போடச் சொல்கிறது. ஸ்டோரின் கதவைத் தாண்டி மலைக்குள் போனால் அதன் கை எட்டாது. அதே பிளேட், அதே விரல், இடையில் ஒரு வாசற்படி. விவசாயத்தில் பாதுகாப்பு பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2001-லேயே 184-ஆம் இலக்க உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. 2022 ஜூனில் பாதுகாப்பான வேலைச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவும் சேர்த்தது. தொழில்சார் பாதுகாப்புக்கென்று இலங்கையில் 2009-ன் சட்டத்தால் ஒரு தேசிய நிறுவகமும் இருக்கிறது. நிறுவகம் இருப்பதும் மலையில் ஒரு பரிசோதகர் வந்து நிற்பதும் வேறு வேறு.

காயம்பட்ட பிறகு கைகொடுப்பது 1934-ன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022-ல் அதன் உச்ச நட்டஈடு 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது மலைக்கும் பொருந்தும். ஆனால் அதன் முதல் நிபந்தனை, காயம்பட்டவர் ‘வேலையாள்’ ஆக இருக்க வேண்டும். இப்போது தோட்டங்களில் பரவிவரும் முறையில் செடியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்து, கொழுந்தைக் கிலோவுக்கு வாங்கிக்கொள்கிறார்கள். வருமானப் பங்கீடு என்று அதற்கு நல்ல பெயர். அந்தக் குடும்பம் கருவியையும் தன் காசில் வாங்குகிறது. மலிவானதைத்தான் வாங்க முடியும். விரல் போனால், அவர் வேலையாளா பங்காளியா என்ற கேள்வி முதலில் எழும். நிலம் கம்பனியிடம், கொழுந்து கம்பனிக்கு, ஆபத்து மட்டும் குடும்பத்துக்கு. பேட்டரிக் கருவியின் பாதுகாப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இங்கே வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். முன்பு இயந்திரம் ஸ்டோருக்குள் இருந்தது, அதற்குச் சொந்தக்காரர் இருந்தார். இப்போது இயந்திரம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

பெண்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கையால் கொழுந்து எடுக்கும்போது பெண்ணைக் கூப்பிடுவார்கள். இயந்திரம் என்றதும் ஆணைக் கூப்பிடுவார்கள். பயிற்சியும் அவருக்கே போகும். பிறகு ஆள் குறையும் நாளில் பயிற்சி இல்லாத பெண்ணின் கையில் அதே இயந்திரம் கொடுக்கப்படும். கைப்பிடியும் தோள்வாரும் பெரிய உடம்புக்கு அளவெடுத்தவை.

செய்ய வேண்டியவை பெரிய செலவும் இல்லை. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் சிமெந்துத் தரையும் காற்றோட்டமும் நல்ல வயரிங்கும் உள்ள ஒரு சின்ன சார்ஜ் அறை. கருவியும் பேட்டரியும் இரவில் அங்கே தங்கும், காலையில் கையெழுத்துப் போட்டு வாங்கப்படும். பங்கு முறையில் செடி எடுத்த குடும்பங்களின் கருவிகளுக்கும் அங்கே இடம். பிளேட் தீட்டுவதும், சிக்கலை எடுக்க நிறுத்துவதும், குளவி பார்க்க மலையை நடப்பதும் வேலைநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். பயிற்சி ஆணுக்கும் பெண்ணுக்கும், பேர் போட்ட நாளில், தமிழில். தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் செடிக்குப் பரிந்துரை எழுதும்போது அதே தாளில் கைக்கும் பரிந்துரை எழுதலாம்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கம்பனிகளோடு உட்காரும்போது நாட்சம்பளத்தோடு சேர்த்து இரண்டு கோரிக்கையை மேசையில் வையுங்கள்: ஒவ்வொரு பிரிவிலும் சார்ஜ் அறை, பங்குமுறைக் குடும்பங்களுக்கும் விபத்து நட்டஈடு. சம்பளத்தை வருடாவருடம் பேசலாம். போன விரலைப் பேசி வாங்க முடியாது.